பதுளைக் கல்லறைகளும் கோதிக் எழுத்துகளும்

எழுத்து என்பது வாசிப்பதற்கு என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால், என் வாழ்வில் நான் முதன்முதலாக மயங்கி நின்ற எழுத்தை என்னால் வாசிக்கவே முடியவில்லை.

ஊவா மாகாணத்தில், பதுளைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் தகப்பனார் பாடசாலை ஆசிரியராக இருந்தார். தோட்டத்தின் உச்சியில், சைப்பிரஸ் மரங்களின் நிழலில் பழைய வெள்ளைக்காரர் கல்லறைகள் சில இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு அங்கே போவார். கையில் ஒரு பென்சிலும் எண்ணெய்த்தாளும் இருக்கும். பாசி படர்ந்த கல்லைத் தேங்காய்த் தும்பால் தேய்த்துத் துடைப்பார். தாளைக் கல்லின் மீது விரித்து, என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். பென்சிலைச் சரித்துத் தேய்க்கத் தேய்க்கத் தாளில் எழுத்துகள் மெல்ல மேலெழுந்து வரும்.

கல்லின் கீழ்வரிகள் பாடப் புத்தகத்தில் உள்ளவை போன்ற சாதாரண ஆங்கில எழுத்துகள். பெயர், வயது, ஆண்டு. முதல் வரி மட்டும் வேறு. தடித்த, கூர்மையான, கறுத்த கோடுகள். வேலி போல நெருங்கி நின்றன. முதலெழுத்தின் உடம்பெங்கும் கொடிகள் சுற்றியிருந்தன. "இது என்ன பாஷை அப்பா?" என்று கேட்டேன். "ஆங்கிலந்தான். கோதிக் எழுத்து. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இரு, தானாகப் பேசும்" என்றார்.

எனக்கு அன்று அது பேசவில்லை. பின்னர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகையில் எழுத்துகளோடு வாழ்ந்த பிறகு, அந்த எழுத்தின் கதையைத் தேடிப் படித்தேன். அதில் எங்கள் மக்களின் கதையும் ஓரிடத்தில் வந்து கலந்துகொள்வதைக் கண்டேன். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பேனா செய்த எழுத்து

கோதிக் எழுத்து பிறந்தது 12 ஆம் நூற்றாண்டில், வட ஐரோப்பாவில். அதற்கு முன்னர் அங்கே வழங்கியது சார்லமேன் பேரரசன் காலத்தில் சீர்ப்படுத்தப்பட்ட, வட்டமான, தெளிவான எழுத்து. நகரங்கள் பெருகின, பல்கலைக்கழகங்கள் தோன்றின, நூல்களின் தேவை கூடியது. அன்றைய நூல்கள் ஆட்டுத்தோலிலும் கன்றுத்தோலிலும் எழுதப்பட்டன. ஒரு பெரிய வேதப் புத்தகத்துக்கு ஒரு மந்தையின் தோல் வேண்டும். ஆகவே, எழுதுவோர் எழுத்துகளை நெருக்கினார்கள். வட்டங்களை ஒடுக்கினார்கள். ஒடுங்கிய வட்டம் ஒரு கட்டத்தில் முறிந்து கோணமானது.

இந்த மாற்றத்தில் எழுதுகோலின் பங்கு பெரிது. வாத்தின் இறகை நுனியில் தட்டையாகச் சீவி, எப்போதும் ஏறத்தாழ ஒரே சாய்வில் பிடித்து எழுதுவார்கள். கீழ்நோக்கி இழுத்தால் தடித்த கோடு. பக்கவாட்டில் சாய்த்து இழுத்தால் மயிரிழை. ஒவ்வொரு கோடும் சிறிய சாய்சதுரத்தில் தொடங்கிச் சாய்சதுரத்தில் முடியும். எழுத்தின் உயரம் பேனா நுனியின் அகலத்தைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. கறுப்புக் கோட்டின் அகலமும் இரண்டு கோடுகளுக்கு இடையே உள்ள வெள்ளையின் அகலமும் ஒன்றாக இருக்க வேண்டும். இதை ஒழுங்காகச் செய்தால் பக்கம் முழுவதும் நெய்த துணி போலத் தோன்றும். இந்த வகைக்கு 'டெக்ஸ்டுரா' என்று பெயர். நெசவு என்ற பொருளில் வந்த சொல் அது.

அழகுக்கு ஒரு விலை உண்டு. ஆங்கில எழுத்துகளில் ஐ, என், எம், யு ஆகிய சிற்றெழுத்துகள் நான்கும் ஒரே மாதிரியான நிமிர்ந்த கோடுகளால் ஆனவை. அவை அடுத்தடுத்து வந்தால் எது எங்கே முடிகிறது என்று தெரியாது. 'மினிமம்' என்ற சொல்லை டெக்ஸ்டுராவில் எழுதினால் பதினைந்து கோடுகள் வரிசையாக நிற்கும். ஐ எழுத்தின் தலையில் அடையாளம் இட்டதே இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். இன்று நாம் காணும் புள்ளி அந்த அடையாளத்தின் வாரிசு.

தமிழருக்கு இது புதிய சங்கதி அன்று. நமது குகைக் கல்வெட்டுகளில் உள்ள பழைய தமிழி எழுத்து பெரும்பாலும் நேர்கோடுகளால் ஆனது. மதுரைக்கு அருகே உள்ள மாங்குளம் கல்வெட்டைப் பார்த்தவர்கள் அறிவார்கள். பின்னர் ஓலையும் எழுத்தாணியும் வந்தன. ஓலையின் நரம்போடு நேர்கோடு கீறினால் ஓலை கிழியும். ஆகவே எழுத்து வளைந்தது. புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும். ஆகவே புள்ளியை விட்டுவிட்டார்கள். அதனால் எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் ஒன்றுபோலத் தெரிந்தன. 18 ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் அவற்றை வேறுபடுத்தி எழுதும் முறையைக் கொண்டுவந்தார் என்பதைப் பள்ளியில் படித்திருப்போம். ஐரோப்பியப் பேனா வட்டத்தை முறித்துக் கோணமாக்கியது. நமது எழுத்தாணி கோணத்தை வளைத்து வட்டமாக்கியது. இரண்டு இடத்திலும் எழுத்தின் உருவத்தை முடிவு செய்தவை கையில் இருந்த கருவியும் எழுதப்பட்ட பொருளும்.

பிறர் இட்ட பெயர்

கோத்துகள் என்போர் உரோமப் பேரரசைத் தாக்கிய ஒரு ஜேர்மானிய இனத்தார். கோதிக் எழுத்துக்கும் அவர்களுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. அவர்களுக்கு 4 ஆம் நூற்றாண்டில் உல்பிலாஸ் என்ற ஆயர் அமைத்துக் கொடுத்த எழுத்து முற்றிலும் வேறானது. பிறகு ஏன் இந்தப் பெயர்?

மறுமலர்ச்சிக் கால இத்தாலிய அறிஞர்கள் பழைய உரோமின் மீது காதல் கொண்டவர்கள். தங்களுக்கு வடக்கே வாழ்ந்தவர்களின் கட்டடங்களும் எழுத்துகளும் அவர்களுக்கு அநாகரிகமாகத் தோன்றின. 'கோத்துகளின் வேலை' என்று இகழ்ந்தார்கள். 'காட்டுமிராண்டிகளின் எழுத்து' என்பதே அதன் உட்பொருள். இகழ்ந்தவர்கள் போய்விட்டார்கள். இகழ்ச்சி, பெயராக நிலைத்துவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு வேறொரு பெயர் நினைவுக்கு வந்தது. நான் பதுளையிலிருந்து கொழும்புக்குப் படிக்கப் போன காலத்தில், மலையகத்திலிருந்து வந்தவன் என்று தெரிந்ததும் சிலர் தமக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்ட சொல் அது: கள்ளத்தோணி. என் பாட்டனார் தோணியிலும் வரவில்லை, களவாகவும் வரவில்லை. கம்பெனிக்காரன் ஆள் அனுப்பிக் கூட்டிவந்தான். ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறர் இட்ட பெயரைச் சுமப்பது எப்படி என்று மலையகத்தானுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு

1455 அளவில் குட்டன்பேர்க் ஜேர்மனியின் மைன்ஸ் நகரில் அச்சிட்ட 42 வரி வேதப் புத்தகம் டெக்ஸ்டுரா எழுத்திலேயே அமைந்தது. அச்சு என்பது கையெழுத்துப் பிரதியின் இடத்தைப் பிடிக்க வந்த வரவு. அதனால் கையெழுத்தைப் போலவே தோன்ற முயன்றது. இத்தாலியில் மட்டும் நிலைமை வேறு. 1470 இல் வெனிஸ் நகரில் நிக்கொலா ஜென்சன் வார்த்த உரோம எழுத்து, நாம் இன்று காணும் ஆங்கில அச்செழுத்துக்கு முன்னோடி. அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து என்று ஒவ்வொரு நாடாக உரோம எழுத்துக்கு மாறின. இங்கிலாந்தில் 1611 ஆம் ஆண்டின் ஜேம்ஸ் மன்னர் வேதப் புத்தகத்தின் முதற்பதிப்பு கோதிக் எழுத்தில் வந்தது. அதன் பிறகு அங்கே அது மெல்லப் பின்வாங்கியது.

ஜேர்மானியர் மட்டும் விடவில்லை. 16 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மக்ஸிமிலியன் பேரரசனின் ஆதரவில் 'பிராக்டூர்' என்ற புதிய கோதிக் வகை உருவானது. முறிந்த எழுத்து என்பது அதன் பொருள். கோணத்தோடு சற்று வளைவும் சேர்ந்த அழகிய எழுத்து. ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஜேர்மானியரின் வேதமும் கவிதையும் சட்டமும் நாளிதழும் அந்த எழுத்து மரபிலேயே வாழ்ந்தன.

இங்கேதான் தமிழ் உள்ளே வருகிறது. 1706 ஜூலையில் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய ஜேர்மன் பாதிரியார் சீகன்பால்க், திண்ணைப் பள்ளிக்கூடச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் தமிழ் எழுதப் பழகியவர். அவர் அனுப்பிய மாதிரிகளைக் கொண்டு ஜேர்மனியின் ஹாலே நகரில் தமிழ் அச்செழுத்துகள் வார்க்கப்பட்டன. அவை கப்பலேறித் தரங்கம்பாடிக்கு வந்து, 1715 இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு நிறைவாக அச்சாயிற்று. ஹாலேயில் வார்த்த எழுத்துகள் பெரிதாக இருந்தமையால் காகிதம் மிகுதியாகச் செலவானது. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கி அதற்குப் பயன்படுத்தினார்கள் என்ற செய்தி சுவையானது.

தமிழ் அச்சு அதற்கு முன்பே, 1578 இல் கொல்லத்தில் தொடங்கிவிட்டது என்பது உண்மைதான். ஆயினும் தரங்கம்பாடியின் செய்திகள் 1710 முதல் ஹாலேயில் தொகுத்து வெளியிடப்பட்டபோது, அவை அச்சானது கோதிக் எழுத்தில். ஜேர்மானியர் தமிழரைப் பற்றி முதன்முதலில் விரிவாக வாசித்தது அந்த முறிந்த எழுத்துகளின் வழியாகத்தான்.

தோட்டத்துக்கு வந்த எழுத்து

பழையதென்று ஒதுக்கப்பட்டது சில காலம் கழித்துப் பெருமைக்குரியதாகத் திரும்பி வருவது உலக வழக்கம். 19 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கோதிக் அவ்வாறு திரும்பி வந்தது. 1834 இல் எரிந்துபோன பாராளுமன்றம் கோதிக் பாணியில் மீண்டும் கட்டப்பட்டது. அதன் உட்புற அலங்காரங்களை வரைந்த பியூஜின், கோதிக் ஒன்றே கிறிஸ்தவக் கலை என்று வாதாடியவர். ஆலைப் புகையிலும் இயந்திர இரைச்சலிலும் சலித்துப்போன ஒரு தலைமுறை, மனிதன் கையால் செய்த காலத்தைக் கனவு கண்டது. வில்லியம் மொரிஸ் 1891 இல் கெல்ம்ஸ்கொட் அச்சகத்தை நிறுவித் தாமே எழுத்துகளை வரைந்து, 1896 இல் சோசரின் படைப்புகளை அச்சிட்டு முடித்தது அந்தக் கனவின் உச்சம்.

இலங்கையின் மலைகளில் காடு அழித்துக் கோப்பி நட்டது இதே காலத்தில்தான். 1840களில் கோப்பிப் பித்து, 1869 முதல் இலைநோய், பின்னர் தேயிலை. துரைமார் கொண்டுவந்த பெட்டிகளில் இந்த எழுத்தும் வந்தது. தேவாலயச் சுவரில், காணி உறுதியின் தலைப்பில், பரிசுச் சான்றிதழில், கல்லறைக் கல்லில் அது குடியேறியது. சாதாரண எழுத்து செய்தியைச் சொல்லும். கோதிக் எழுத்து, 'இது சாதாரணச் செய்தி அன்று' என்று சொல்லும். அதன் கவர்ச்சி முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது எனலாம். இன்றும் நியூயோர்க் டைம்ஸ், லண்டன் டெய்லி டெலிகிராப், பாரிஸின் லு மொண்ட், சிட்னி மோர்னிங் ஹெரல்ட் முதலிய நாளிதழ்கள் தங்கள் பெயரை இந்த எழுத்தில் வைத்திருப்பதும் அதனால்தான். உள்ளே ஒரு வரி கூடக் கோதிக்கில் இராது. இருந்தால் யாரும் வாசிக்க மாட்டார்கள். ஆனால் தலைப்பில் அதை மாற்றினாலோ வாசகர் பொறுக்க மாட்டார்கள்.

பதுளை நகரில் உள்ள சென் மார்க் தேவாலயத்தைப் பலர் அறிவர். 1857 இல் கட்டிமுடிக்கப்பட்ட இந்தச் சிறிய ஆலயம் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்ற இராணுவ மேஜரின் நினைவாக எழுந்தது. பதுளையின் உதவி அரசாங்க அதிபராகவும் மாவட்ட நீதிபதியாகவும் இருந்தவர். 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்று சொல்லப்படுகிறது. 1845 ஜூன் 7 ஆம் திகதி அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார், வயது 41. நுவரெலியாவில் உள்ள அவரது கல்லறைக் கல்லிலும் பின்னர் இடி விழுந்தது என்று மலைநாட்டில் ஒரு கதை உண்டு. யானைகளின் சாபம் என்பார்கள். அவருடைய எல்லாத் தரத்து நண்பர்களும் அபிமானிகளும் சேர்ந்து இந்த ஆலயத்தை எழுப்பியதாக நினைவுக்கல் கூறுகிறது.

அப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931 இல் கட்டிய அடிசம் மாளிகையையும் இங்கே குறிப்பிட வேண்டும். கென்ட் பகுதியில் தாம் பிறந்த கிராமத்தின் பெயரையே அதற்கு இட்டார். இங்கிலாந்துப் பாணியில் கருங்கல்லால் எழுந்த அந்த மாளிகை இப்போது பெனடிக்டின் துறவிகளின் மடம். ஊருக்குத் திரும்ப முடியாதவன் ஊரை இங்கே கட்டிக்கொள்கிறான். கல்லறையின் முதல் வரியில் இருந்த கோதிக் எழுத்தும் அத்தகைய ஓர் ஏக்கம் என்றே நான் எண்ணுகிறேன்.

இங்கே எழுத்து நிலைப்பதும் எளிதன்று. 1817 இல், ஊவாக் கிளர்ச்சியின் தொடக்கத்தில் கொல்லப்பட்ட பிரித்தானிய அதிகாரி வில்சனின் மனைவி சோபியாவின் கல்லறை பதுளையில் இருக்கிறது. அருகே முளைத்த அரசமரம் ஒன்று அந்தக் கல்லைத் தன் அடிமரத்துக்குள் இழுத்து விழுங்கிவிட்டது. எங்கள் தோட்டத்துக் கல்லறைகளில் எழுத்தின் பள்ளங்களில் ஈயம் அடித்திருந்தார்கள். மழையிலும் வெயிலிலும் ஈயம் பெயர்ந்து விழும். பையன்கள் பொறுக்கித் தூண்டிலுக்குக் கட்டுவார்கள். ஈயம் போன இடத்தில் ஊசித் துளைகள் மட்டும் எஞ்சும். அப்பா அந்தத் துளைகளைத் தடவிப் பார்த்தே எழுத்தைச் சொல்வார்.

தகரத்தில் எழுதிய எழுத்து

இப்போது மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும்.

ரொஜர்ஸ் இறந்த அதே 1840களில் தென்னிந்தியாவிலிருந்து எங்கள் முன்னோர் வந்துகொண்டிருந்தார்கள். மன்னாரில் கரையேறிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். காலராவும் காய்ச்சலும் பசியும் வழியெங்கும் அவர்களைத் தின்றன. விழுந்தவர்களை விழுந்த இடத்தில் விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். அந்தப் பாதையில் அவர்கள் பெயர் பொறித்த ஒரு கல் கிடையாது.

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பயணம் ஒழுங்குபடுத்தப்பட்டது. அப்போது அவர்களுக்கும் எழுத்து கிடைத்தது. தோட்டத்தைக் குறிக்கும் அடையாளமும் எண்ணும் பொறித்த தகரவில்லை அது; கழுத்தில் தொங்கவிட்டார்கள். எந்தச் சரக்கு எந்தத் தோட்டத்துக்கு என்று தெரிய வேண்டும் அல்லவா? அதில் தோட்டத்தின் அடையாளம் இருந்தது. ஆளின் பெயர் இல்லை. தோட்டத்துக்குள் வந்த பிறகு 'துண்டு'. ஒருவர் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்று எழுதிய அந்தக் காகிதம் இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921 இல்தான் துண்டு முறை ஒழிந்தது. பிறகு 1948 இன் குடியுரிமைச் சட்டம். ஒரு காகிதம் இல்லை என்று சொல்லிப் பல இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கினார்கள். எங்கள் மக்களுடைய வரலாற்றில் எழுத்து என்றால் பெரும்பாலும் கணக்கு, கடன், அல்லது மறுப்பு.

தோட்டத்துச் சனங்களின் சுடுகாடு ஓடைக்கரையில் இருந்தது. மண்மேடு, அதன் தலைமாட்டில் ஒரு செடி. சில ஆண்டுகளில் மேடு அமுங்கும், செடி மரமாகும். எங்கள் அப்பாயியும் அங்கேதான் இருக்கிறார்.

வாத்தியாரின் இரண்டு பென்சில்கள்

1975 இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. எங்கள் தோட்டத்துத் துரை விடைபெற்றுப் போனார். அவருக்கு ஒரு பிரியாவிடைப் பத்திரம் வாசித்தளிக்க வேண்டும் என்று கந்தோரில் முடிவு செய்து, எழுதும் வேலையை அப்பாவிடம் கொடுத்தார்கள். அப்பாவிடம் தட்டைப் பேனா இல்லை. இரண்டு பென்சில்களை நூலால் சேர்த்துக் கட்டினார். இரண்டு நுனிகளும் சேர்ந்து ஓர் அகலமான பேனாவின் இரண்டு ஓரங்களைப் போலக் கோடு போடும். அதே சாய்வில் பிடித்து எழுதி, இடைவெளியைக் கறுப்பு மையால் நிரப்பினார். கல்லறைகளில் எடுத்த எண்ணெய்த்தாள்களே மாதிரி. நான் பக்கத்தில் சிமினி விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்று இரவுகள் ஆயின. துரை அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இங்கிலாந்திலிருந்து தருவித்ததா என்று கேட்டாராம். அப்பா அதைப் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால், அவர் சொல்லாத இன்னொன்றும் உண்டு. அது நான் கண்ணால் கண்டது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்றுக்கொள்ளும் என்று பங்கு பிரித்தது. பொருள்களைப் பிரிப்பது போல. எழுபதுகளில் லயத்துக்கு லயம் வீடுகள் காலியாகத் தொடங்கின. ஒருநாள் மாலை கவ்வாத்துக்காரப் பெரியவர் ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அடுத்த வாரம் அவருக்குப் பயணம்.

"வாத்தியாரய்யா, தொரைக்கு எழுதுனீங்கல்ல, அந்த மாதிரி எனக்கு ஒன்னு எழுதித் தரணும்."

"உங்களுக்கு என்ன எழுத?"

"எம் பொஞ்சாதி ஓடைக்கரையில கெடக்கறா. நான் போயிட்டா அவ யாருன்னு சொல்ல ஆளில்ல. அவ பேரப் போடுங்க. நாப்பது வருசம் இந்த மலையில கொழுந்து எடுத்தான்னு போடுங்க. நான் கையில வச்சுக்கறேன்."

அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு பென்சில்களைத் தேடினார்.

தமிழைக் கோதிக் போல எழுதுவது எளிதன்று. ப, ட, ம ஆகியவை உடனே இணங்கிவிடும். அவை ஏற்கெனவே நிமிர்ந்து நிற்பவை. ண, ஞ, இ ஆகியவை சுழிகள் நிறைந்தவை. முறித்தால் அடையாளம் தெரியாமல் போகும். பல தாள்கள் வீணாயின. கடைசியில் ஒரு வழி கண்டார். தலைப்பும் இறந்தவரின் பெயரும் முறிந்த எழுத்தில். மற்ற வரிகள் சாதாரண எழுத்தில். கல்லறையில் இருந்த அதே ஒழுங்கு. பெயரின் முதலெழுத்தைச் சுற்றிக் கொடி வரைந்தார். துரைமார் கல்லில் திராட்சைக் கொடி இருந்தது. அப்பா வரைந்தது இரண்டு இலையும் ஒரு மொட்டும்.

சேதி பரவியது. ஒவ்வொரு குடும்பமாக வந்தார்கள். எத்தனை எழுதினார் என்று நான் எண்ணவில்லை. ஒருவரிடமும் காசு வாங்கவில்லை. பதுளை ஸ்டேசனில் கோச்சி நகரும்போது எழும் அழுகைக்கிடையே, தகரப் பெட்டிக்குள் சுருட்டி வைத்த அந்தத் தாள்களும் தலைமன்னாருக்குப் போய், 'இராமானுஜம்' கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கின. 1977 இல் என் அத்தை, அப்பாவின் மூத்த சகோதரி, குடும்பத்தோடு போனார். அவருக்கு அப்பா எழுதிக் கொடுத்தது தம் சொந்தத் தாயின் பெயரை.

ஒரு தடை உத்தரவு

கோதிக் எழுத்தின் பிற்காலக் கதையையும் சொல்லிவிட வேண்டும். ஜேர்மனியில் அது தேசிய எழுத்தாகவே கருதப்பட்டது. உரோம எழுத்தில் அச்சான ஜேர்மன் நூல்களை பிஸ்மார்க் வாசிக்க மறுத்தார் என்பர். ஹிட்லரின் ஆட்சி தொடக்கத்தில் அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அதே ஆட்சி 1941 ஜனவரி 3 ஆம் திகதி ஒரு சுற்றறிக்கையில், இவை உண்மையில் யூத எழுத்துகள் என்று அறிவித்துத் தடை செய்தது. பிடித்த நாடுகளில் இந்த எழுத்தை வாசிக்க ஆளில்லை என்பதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. போர்மன் கையெழுத்திட்ட அந்தச் சுற்றறிக்கையின் தலைப்பே கோதிக் எழுத்தில் அச்சாகியிருந்தது.

காட்டுமிராண்டி எழுத்து என்றார்கள். கிறிஸ்தவ எழுத்து என்றார்கள். தேசிய எழுத்து என்றார்கள். யூத எழுத்து என்றார்கள். எழுத்து மாறவில்லை. சொன்னவர்களின் தேவை மாறியது. நேற்று வரை வேண்டியவர்களாக இருந்தவர்களை ஒரு காகிதத்தின் மூலம் அந்நியராக்க முடியும் என்பதை மலையகத்தார் 1948 இலேயே கற்றுக்கொண்டோம். 1988 ஆம், 2003 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் எஞ்சியோருக்குக் குடியுரிமை தந்தன. அதற்குள் அரை நூற்றாண்டு போய்விட்டது.

கூடலூரில் ஒரு சுவர்

சில ஆண்டுகளுக்கு முன் நான் நீலகிரிக்குப் போனேன். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு 1968 இல் தொடங்கிய தேயிலைத் திட்டம், இன்று டான்டீ எனப்படுகிறது. கூடலூர்ப் பக்கம் அதன் லயங்களைப் பார்த்தபோது நான் பதுளையில்தான் நிற்கிறேனோ என்று தோன்றியது. அங்கேயும் அவர்களுக்கு ஒரு பெயர் இருந்தது: 'சிலோன்காரர்'.

அத்தைக்கு எண்பது கடந்திருந்தது. "வா மருமகனே" என்று கையைப் பிடித்துக்கொண்டார். சுவரில், சாமிப் படங்களுக்கு நடுவே, கண்ணாடி போட்ட ஒரு பழுப்புத் தாள். விளக்கு வெளிச்சத்தில் அப்பா எழுதிய தாள். கறுப்பு மை மங்கிக் கபில நிறமாகியிருந்தது. பேரப்பையன் ஒருவன், "இது தமிழா இங்கிலீசா மாமா? எங்க யாருக்கும் வாசிக்க வரல" என்றான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னேன். என் அப்பா சொன்ன சொல் என் வாயில் வந்தது.

அத்தைக்கு எழுத்து தெரியாது. எட்டு வயதில் கொழுந்துக் கூடை எடுத்தவர். ஆனால், நான் உரக்க வாசிக்கத் தொடங்கியபோது அவர் எழுந்து வந்து, கண்ணாடியின் மீது விரலை வைத்தார். "இங்க இருக்கு எங்கம்மா பேரு" என்றார். சரியாக அந்த வரி. கண்ணாடியில் அந்த இடம் மட்டும் விரல் பட்டுப் பட்டு மங்கியிருந்தது.

என் தகப்பனார் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. எண்ணெய்த்தாள்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தக் கல்லறைகளின் ஈயமும் ஏறத்தாழ முழுவதும் போய்விட்டது. ஆனால், பதுளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் அப்புத்தளையிலிருந்தும் தகரப் பெட்டியோடு போனவர்களின் வீடுகளில் இத்தகைய தாள்கள் இன்னும் இருக்கக்கூடும். நீலகிரியில், கொடைக்கானலில், திருச்சியில், இன்று இலண்டனிலும் தொரொன்டோவிலும் கூட. உங்கள் வீட்டுப் பெட்டியில் வாசிக்க முடியாத எழுத்தில் ஒரு பழுப்புத் தாள் இருந்தால் அதை எறிந்துவிடாதீர்கள். அதில் உள்ள பெயரை, வாசிக்கத் தெரிந்தவர் இருக்கும்போதே ஒருமுறை உரக்க வாசிக்கக் கேட்டு எழுதி வையுங்கள்.